பழக்கப்பாலம்

வெள்ளிக் குல்லாய் பொற்கொடியின் கொண்டைக்கு மேல் ஏறவே மாட்டேன் என்றது. கொண்டையைப் பிரித்துப் பின்னலாக்கிக்கொண்டு மறுபடி மாட்டினாள். எதிரே இன்னொரு குல்லாயுடன் தேர்வதிகாரி ஹால்வர் உட்கார்ந்திருந்தார்.

அந்த வடகோடிப் பனிநாட்டில், ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்ற வெளிநாட்டவருக்குப் பழக்கப்பாலம்தான் கடைசி வழி. நல்ல ஓட்டுநரின் கைகால் பழக்கம் ஒரு குல்லாயிலிருந்து மற்றதற்குப் பாய்ந்துவிடும். உரிமம் கிடைத்தால்தான் பொற்கொடிக்கு, மலைவீடுகளுக்குப் போய் முதியவர்களைக் கவனிக்கும் நர்ஸ் வேலை. இல்லையென்றால் கணவன் முருகவேளோடு தேனிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இத்தனைக்கும் போடிமெட்டு வளைவுகளில் ஜீப் ஓட்டியவள் அவள். தோற்றது எதனால் தெரியுமா? வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தாள்; இங்கே அது ஆளைத் திட்டுவது மாதிரி. அதோடு, புறப்படும்போது ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ‘கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார்’ என்று எழுதிவிட்டார் ஹால்வர்.

குல்லாய் லேசாகச் சுட்டது. அவ்வளவுதான். மறுநாள் தேர்வில் தேறிவிட்டாள்!

“ஒரு ஹாரன்கூட இல்லையே, எனக்குத் தூக்கம் வருது,” என்றான் முருகவேள், முதல் பயணத்தில்.

“வேணும்னா நீங்க வாயால அடிச்சுக்கோங்க.”

அப்போது பனிபடர்ந்த வளைவில் எதிரே ஒரு வண்டி, “பாம்! பாம்!” என்று அலறிக்கொண்டு வந்தது. பொற்கொடிக்கு முகம் சிவந்துவிட்டது.

“இந்த ஆளுக்கு யாருங்க லைசென்ஸ் குடுத்தது?”

“உனக்குக் குடுத்தவருதான்டி அவரு!”

அன்று மாலை ஹால்வர் இரண்டு குல்லாய்களையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“பாலம் இரண்டு பக்கமும் பாய்கிறது அம்மா. வெளிநாட்டவரிடம் இருப்பது பழக்கமே இல்லை, வெறும் பிழை என்று நினைத்துவிட்டோம். அதனால் உங்கள் பழக்கமும் எனக்குப் பாயுமா என்று யாரும் பார்க்கவில்லை. இப்போது என்னையே மறுதேர்வுக்கு வரச் சொல்கிறார்கள். தோற்றால் வேலை போய்விடும். என் பழக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள்.”

“திருப்பிக் குடுத்துட்டா உன் லைசென்ஸ்?” என்று தமிழில் முணுமுணுத்தான் முருகவேள்.

பொற்கொடி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். மலைமேல் ஒரு முதியவள் கால்புண்ணுக்குக் கட்டு மாற்ற அவளை எதிர்பார்த்திருக்கிறாள். எதிரில் இந்த மனிதர் பரிதாபமாக நிற்கிறார். என்ன செய்வாள், பாவம்! காப்பி கலக்கக் கலக்க யோசனை வந்தது.

“குல்லாய் பையிலேயே இருக்கட்டும் ஐயா. காப்பி குடித்துவிட்டு வண்டியை எடுங்கள். நான் பக்கத்தில் உட்காருகிறேன். குல்லாய் வருவதற்கு முன்னால் எல்லோரும் எப்படிக் கற்றார்களோ, அப்படிக் கற்றுக்கொள்ளலாம்.”

தினமும் போனார்கள்.

“வளைவு வருகிறது. கை!”

“மன்னியுங்கள், தானாகப் போகிறது.”

“எனக்கும் அப்படித்தான் ஐயா போயிற்று. நீங்கள்தான் நம்பவில்லை.”

ஹால்வர் வாய்விட்டுச் சிரித்தார். மறுதேர்வில் தேறியும்விட்டார். அன்று அவளை வீட்டில் கொண்டுவிட வண்டியில் ஏறியவர், எஞ்சினை இயக்குமுன் ஸ்டியரிங்கைத் தொட்டு, மெதுவாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“இதை மட்டும் விட மனம் வரவில்லை,” என்றார் கூச்சத்துடன். “நாள் நன்றாகத் தொடங்குகிறது.”

பொற்கொடி தன் கையைப் பார்த்தாள். பாலத்தைக் கடந்த நாளிலிருந்து அது ஒரு தடவைகூட அப்படிப் போகவில்லை.

“எனக்கும் சொல்லிக்கொடுங்கள் ஐயா,” என்றாள். “எந்த விரலால் தொட வேண்டும்?”