வாயிற்கூடத்தில் ஓர் இலை

நண்பகல் ஆனதும் தென்முனைக் குவிமாடத்தின் வாயிற்கூடத்தில் வாழையிலை போடப்பட்டது. சோறு, சாம்பார், இரண்டு பொரியல், அப்பளம். பரிமாறிய எந்திரம் விலகி நின்றது. கால் மணி நேரம் யாரும் வரவில்லை. சுவரிலிருந்த விழுமியமானி இலையைப் படம் பிடித்து, நூற்றுக்கு நூறு என்று மதிப்பெண் இட்டு, செவ்வாய் ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. பிறகு உணவு உரத் தொட்டிக்குப் போனது. முப்பத்தோர் ஆண்டுகளில் ஒருநாளும் இது தவறியதில்லை.

ஒன்றியத்தில் பத்தொன்பது குவிமாட நாடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு தேசிய விழுமியத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். அதைக் குலைக்கும் ஒன்றியச் சட்டம் அந்த நாட்டைக் கட்டுப்படுத்தாது. தென்முனை பதிந்தது விருந்தோம்பல். காற்றுத் தீர்ந்து வரும் எவருக்கும் கதவைத் திறக்க வேண்டும் என்று ஒன்றியம் சட்டம் போட்டபோது, தென்முனை வழக்குத் தொடுத்தது. கட்டாயத்துக்காக வரவேற்பது விருந்தோம்பல் ஆகாது, அழைக்கப்பட்டவரே விருந்தினர் என்று வாதிட்டு வென்றது. அழைப்பிதழைத் தென்முனையின் ஆட்சி மன்றம் வழங்கும். இதுவரை ஒன்றும் வழங்கியதில்லை.

ஒன்பது ஆண்டுகளாக வாயிற்காவலராக இருந்தவர் ஆவுடையப்பன். மறுநாள் இலை விரித்த நேரத்தில் வெளிக்கண்ணாடியில் ஒருவன் மோதி விழுந்தான். கீழ்ப்பள்ளத்தில் குவிமாடம் வெடித்திருந்தது. அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறான். அவன் உடையின் அளவி ஆறு நிமிடக் காற்று என்றது.

ஆவுடையப்பன் வாயில் துறைத் தலைவி குணவதியை அழைத்தார். “மேடம், ஒருத்தன் விழுந்து கெடக்கான். தொறக்கட்டுமா?”

“அழைப்பு இருக்கா?”

“ஆறு நிமிஷத்துக்குத்தான் காத்து இருக்கு.”

“மன்றம் வியாழக்கிழமை கூடுது. மனு போடச் சொல்லுங்க. நீங்க பாவம் பாத்துத் தொறந்தீங்கன்னா நம்ம விழுமியமே போயிடும்.”

“சோறு ஆறுதும்மா” என்றார் ஆவுடையப்பன். கதவைத் திறந்தார்.

வந்தவன் பெயர் தவசி. குழாய் பொருத்துபவன். இலையில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கிடைக்குமா என்று கேட்டான். தொடாத இலையையே பார்த்துப் பழகிய விழுமியமானி முதன்முறையாகப் பூஜ்யம் காட்டியது.

விசாரணை மூன்று நாள் நடந்தது. தவசியை வெளியேற்ற வழியில்லை; உண்ட விருந்தினரைத் துரத்துவது விழுமியத்துக்கு எதிரானது. ஆகவே ஆவுடையப்பன் நாடு கடத்தப்பட்டார். காலியான வேலை தவசிக்குக் கிடைத்தது.

ஆவுடையப்பன் இரும்புமலைக் குவிமாடத்துக்கு நடந்தார். அங்கே பதிவான விழுமியம் சகோதரத்துவம். சகோதரர்களுக்கு மட்டுமே அனுமதி என்று உள்ளிருந்து மரியாதையாகச் சொன்னார்கள். அவர் திரும்பி வந்தபோது நண்பகல். அவரிடம் ஒன்பது நிமிடக் காற்று இருந்தது.

“தவசி, நாந்தான்யா.”

“தெரியுதுண்ணே” என்றது ஒலிபெருக்கி. கண்ணாடிக்குப் பின்னால் தவசி தலையை நிமிர்த்தவில்லை.

“தொறய்யா.”

“அழைப்பு இருக்காண்ணே?”

“நீ வந்தப்ப நான் கேட்டனா?”

“கேக்கல. அதான் இப்ப நீங்க அங்க நிக்கறீங்க.”

ஆவுடையப்பன் கையுறையைக் கண்ணாடியில் வைத்தார். உள்ளே எந்திரம் இலையை விரித்துப் பரிமாறியது. தவசி வேலைக்கு வந்த பிறகு பாயசமும் சேர்ந்திருந்தது. அப்பளம் இலையைவிட்டு நழுவியது. தவசி குனிந்து அதைச் சோற்றின் மேல் எடுத்து வைத்தான்.

கால் மணி நேரம் கழிந்தது. விழுமியமானி நூறு காட்டியது.