அவுசேப்பு வேண்டாம் என்ற படங்கள்

திரையில் இருந்த கதைச்சுருக்கத்தை லிஸ்மோள் வாய்விட்டுப் படித்து முடித்ததும், உள் அறையிலிருந்து இரண்டு தட்டு கேட்டது. இரும்புக் கம்பியில் கரண்டி படும் சத்தம். டக், டக். பழகிய கை தானாகவே ரிமோட்டை அழுத்தி அடுத்த படத்துக்குப் போனது. அதற்குப் பிறகுதான் அவள் விரல் நின்றது.

உள் அறையில் யாரும் இல்லை. இரும்பு என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே ஆடி மாதக் கர்க்கடக மழை விடிந்ததிலிருந்து கூடாமல் குறையாமல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. வீட்டைச் சுற்றி நின்ற ரப்பர் மரங்களின் இருட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்து கூடத்தின் மூலைகளில் தங்கியிருந்தது. பக்கத்துப் புகைக்கூடத்தில் காயும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடையும், மதியம் தாளித்த மீன் குழம்பின் குடம்புளி வாடையும் ஈரக்காற்றில் கலந்து கனத்துக் கிடந்தன. லிஸ்மோள் ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடித்து நேரே சர்ச்சுக்குப் போய்க் குர்பானைப் பூசை கண்டு, வீட்டுக்கு வந்து சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் இருந்தது. சோபாவின் மறுமுனையில் அவள் கணவன் ஜோபிஷ் காலை நீட்டிப் படுத்திருந்தான். பாலா வழியில் ஓடும் தனியார் பஸ்ஸில் டிரைவர். வாரத்தில் இந்த ஒரு நாள்தான் அவனுக்கு ஓய்வு.

"இச்சாயா, சத்தம் எதாவது கேட்டுச்சா?"

"மழைடி," என்றான் கண்ணைத் திறக்காமல். "நீ வாசி. இன்னிக்காவது நான் தூங்கறதுக்கு முன்னாடி ஒரு பேயை முடிவு பண்ணு."

அது அந்த வீட்டின் பழைய கேலி. ஜோபிஷின் அப்பா அவுசேப்பு பக்கவாதம் வந்து மூன்று வருடம் அந்த உள் அறையில் கிடந்தார். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. மிஞ்சியது இடது கையும் அதில் ஒரு கரண்டியும்தான். கட்டில் கம்பியில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. கஞ்சி, தண்ணீர், புரண்டு படுப்பது எல்லாவற்றுக்கும் அதுதான் பேச்சு. டிவி தெரிய வேண்டும் என்று கதவுக்கு நேராகக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். பேய்ப் படத்தைத் தவிர வேறு எதற்கும் அவர் ஒற்றைத் தட்டுத் தட்டியதில்லை. அதிலும் சுலபத்தில் மனது வைக்க மாட்டார். லிஸ்மோள் ஒவ்வொன்றாகப் படிப்பாள். பாழடைந்த மடம். டக், டக். பொம்மைக்குள் புகுந்த ஆவி. டக், டக். ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட கல்லூரிப் பிள்ளைகள். டக், டக். இந்த மனுஷனைப் பேய்க்கே பிடிக்காது என்று ஜோபிஷ் முணுமுணுப்பான். ஒருவழியாக ஒற்றைத் தட்டு விழும்போது அவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். அந்தப் படத்தை அவளும் மாமனாரும் மட்டும் பார்ப்பார்கள். பாதியில் அவளும் தூங்கிப்போவாள்.

ஈஸ்டர் முடிந்த பிறகு அவர் இறந்துபோனார். சர்ச்சில் வாடகையில்லாமல் கொடுத்திருந்த இரும்புக் கட்டிலையும், புண் வராமல் இருக்கப் போட்டிருந்த, மோட்டாரில் ஓடும் காற்று மெத்தையையும் அடக்கம் முடிந்த மறுநாளே வந்து எடுத்துப்போனார்கள். அடுத்த நோயாளி காத்திருந்தார். லிஸ்மோள் அந்த அறையை பினாயில் ஊற்றிக் கழுவி ஜன்னலைத் திறந்துவிட்டாள். நாற்பத்தொன்றாம் நாள் பிரார்த்தனை முடியும்வரை டிவி போடவில்லை. முடிந்த பிறகும் மனம் வரவில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை.

அவள் அடுத்த கதையைப் படித்தாள். குரலை வேண்டுமென்றே தாழ்த்திக்கொண்டாள். கடலோரக் கலங்கரை விளக்கம், காவலுக்குப் போன புதுத் தம்பதி, கீழ்த்தளத்தில் பூட்டிய அறை. படித்து முடித்தும் மழைச் சத்தம் மட்டுமே கேட்டது. அவள் மூச்சு விட்டாள்.

டக், டக்.

ஜோபிஷ் கண் திறந்தான்.

அவன் எழுந்து உட்கார்ந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பயந்தவன் அப்படி எழுந்திருக்க மாட்டான். பஸ் நிறுத்தத்தில் தெரிந்த குரல் கேட்டவன்போல் தலையைச் சாய்த்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, உள் அறைக் கதவையே பார்த்தான். கதவு பாதி திறந்திருந்தது. அதற்கு அப்பால் காலியான தரையும், கழுவிக் கழுவி வெளுத்த சுவரும் தெரிந்தன.

"அப்பச்சனுக்கு இதுவும் புடிக்கல," என்றான்.

அவள் டிவியை அணைத்துவிடலாம் என்றாள். குழாயில் காற்று அடைத்தால் இப்படிச் சத்தம் வரும் என்றாள். அவன் அவள் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, மூன்றாம் வகுப்புப் பையன்போல் எழுத்துக் கூட்டித் தானே படிக்க ஆரம்பித்தான். மலையில் தொலைந்துபோன ரயில். டக், டக். திருமணம் முடிந்த இரவில் பேசத் தொடங்கும் கண்ணாடி. டக், டக். ஒவ்வொரு தடவையும் அவன் சிரித்தான். கண்ணில் நீர் நின்றது. அப்பா இறந்த அன்றும் அழாதவன் அவன். அதற்குப் பிறகு இரவில் சரியாகத் தூங்கியதில்லை. வளைவுகளில் அவனுக்குக் கண் சொக்குகிறது என்று கண்டக்டர் வீட்டுக்கே வந்து அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ராத்திரி அவன் கூரையைப் பார்த்துக் கிடப்பதை அவள் ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். இப்போது அந்த முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்து, கல்யாணமான புதிதில் இருந்த முகம் திரும்பி வந்திருந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. அவள் செய்த பிழை இருந்ததென்றால் அது அந்த ஒரு நிமிடம்தான்.

ஏனென்றால் அவன் அதற்குள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"அப்பச்சா, படம் பார்க்கணுமா?"

டக், டக்.

"தண்ணி வேணுமா?"

டக், டக்.

லிஸ்மோள் அவன் சட்டையைப் பிடித்தாள். ஒரு நர்ஸாக அவள் எத்தனையோ பேரின் கண்ணை மூடியிருக்கிறாள். மூடிய கண்கள் எதையும் கேட்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். இந்த மனிதரின் கண்ணையும் அவள்தான் மூடினாள். அந்தத் தோல் எப்படிச் சில்லிட்டது என்பது இப்போதும் விரல்நுனியில் இருந்தது.

ஜோபிஷ் சற்று யோசித்தான். பிறகு, களைத்துப்போன ஒருவன் இன்னொரு களைத்துப்போனவனிடம் விசாரிப்பதுபோல் மெல்லக் கேட்டான்.

"படுத்துப் படுத்து அலுத்துப்போச்சா, அப்பச்சா?"

மழை பெய்தது. எங்கோ ஒரு தேங்காய் ஓலையோடு விழுந்தது. அவள் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். பதில் வராது என்று தோன்றிய நேரத்தில் வந்தது.

டக்.

ஒன்றுதான். அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

"நான் வரட்டுமா?"

அவள் அவன் வாயைப் பொத்தக் கை தூக்கினாள். அதற்கு முன்பே விழுந்துவிட்டது. டக். இந்தத் தடவை யோசனையே இல்லை.

"போகாதீங்க," என்றாள். "இச்சாயா, இது அப்பச்சன் இல்ல."

"மூணு வருஷமா எல்லாத்துக்கும் உன்னைத்தான் தட்டிக் கூப்பிட்டாரு, லிஸ். இன்னிக்குத்தான் என்னைக் கூப்பிடறாரு." அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டான். "ஒரு எட்டு பார்த்துட்டு வர்றேன். நீ உக்காரு. முகத்தைப் பாரு, எப்படிச் சோர்ந்து கெடக்கு."

போனான். கதவு அவனுக்குப் பின்னால் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. காற்று இல்லை.

அவள் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. டிவியில் படங்களின் வரிசை அப்படியே நின்றது. இருட்டு வீடுகள், திறந்த வாய்கள், வெள்ளைக் கண்கள். அவற்றைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே ஜோபிஷ் ஏதாவது பேசுகிறானா என்று காதைக் கூர்மையாக்கினாள். மழை கூரையில் விழுந்து, தாழ்வாரத்தில் ஓடி, வாய்க்காலில் இறங்கும் சத்தத்துக்கெல்லாம் அடியில், மிக மெல்லிசாக, வேறொரு ஒலி தொடங்கியிருந்தது. முதலில் அதைத் தன் காதுக்குள்ளிருக்கும் இரைச்சல் என்று நினைத்தாள். இரவெல்லாம் விழித்தால் அப்படி இரையும்.

அது இரைச்சல் இல்லை.

ம்ம்ம்ம் என்று நின்று, புஸ்ஸென்று மூச்சு விட்டு, மறுபடி ம்ம்ம்ம் என்று தொடங்கும் ஒலி. காற்று மெத்தையின் மோட்டார். மூன்று வருடம் அவள் தூக்கத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார்.

பிறகு வாடை வந்தது. டெட்டால். முதுகில் தூவும் பவுடர். பக்கவாதத்துக்குத் தேய்க்கும் குழம்பு எண்ணெய். இவற்றுக்கெல்லாம் அடியில், எவ்வளவு துடைத்தாலும் போகாத அந்த உடம்பின் வாடை. கதவின் கீழ் இடுக்கு வழியாக அது தரையோடு தரையாக வந்து அவள் பாதத்தைத் தொட்டது.

கட்டில் கிறீச்சிட்டது.

யாரோ யாரையோ புரட்டிப் படுக்கவைக்கும் சத்தம். கனமான உடம்பு. இடுப்பில் கை கொடுத்து, முழங்காலை மடக்கி, தள்ளும்போது வரும் முனகல். அந்த முனகலை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவளுடையது.

இப்போது முனகியது அவள் இல்லை.

மறுபடியுமா, என்று நினைத்தாள். பயத்துக்கு முன்னால் வந்தது அந்த நினைப்புத்தான். இனி ஒரு உடம்பைப் புரட்ட என் கையில் பலம் இல்லை, மாதாவே.

"இச்சாயா."

சோபாவின் நுனிக்கு நகர்ந்தாள்.

"இச்சாயா, வெளிய வாங்க."

டக், டக்.

எழுந்தாள். கூடத்தைக் கடந்தாள். கதவு ஈரமாக இருந்தது. தள்ளினாள்.

கட்டில் இல்லை. மெத்தை இல்லை. வெளுத்த சுவர், திறந்த ஜன்னல், சாரல் நனைத்த தரை. மோட்டார் சத்தம் அவள் பற்களுக்குள் அதிர்ந்தது.

ஜோபிஷ் படுத்திருந்தான்.

தரையில் இல்லை. அவள் இடுப்பு உயரத்தில். முன்பு கட்டில் கிடந்த அதே இடத்தில், அதே உயரத்தில், அடியில் ஒன்றுமே இல்லாமல் படுத்திருந்தான். அவனுக்குக் கீழே தரையில் அவன் நிழல் விழுந்திருந்தது. வலது கை மார்பில் கோழிக்கால்போல் மடங்கியிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கடைவாயிலிருந்து எச்சில் வழிந்து, காற்றில் ஏதோ விரிப்பில் பட்டதுபோல் பாதியில் நின்று, வட்டமாக ஊறியது. இடது கை மட்டும் உயிரோடு இருந்தது. அது வெறும் காற்றைத் தட்டியது.

டக், டக். டக், டக். டக், டக்.

அவள் அந்தக் கையைப் பிடித்தாள். சூடாக இருந்தது. அது அவள் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டது. அவன் பேச முயன்றான். தொண்டையில் காற்று மட்டும் வந்தது. அவளுடைய இன்னொரு கை, அவள் சொல்லாமலே, சேலைத் தலைப்பால் அவன் வாயைத் துடைத்தது.

பின்னால், கூடத்தில், சோபாவின் ஸ்பிரிங் அழுந்தியது.

யாரோ சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். காலை நீட்டினார்கள். நெடுநாள் உபயோகிக்காத தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஒரு குரல் வந்தது. மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத குரல். திடமாக, தெளிவாக, நன்றாகத் தூங்கி எழுந்தவனின் குரல்போல் இருந்தது.

"மோளே, அடுத்ததை வாசி."

அவள் திரும்பவில்லை. ஜோபிஷின் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் அசைந்தவை கண்கள் மட்டும்தான். அவை அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, திறந்த கதவு வழியாக, கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஸ்பிரிங் விடுபட்டது.

கண்கள் மெல்ல உயர்ந்தன. எழுந்து நிற்பவரைப் பார்ப்பதுபோல். பிறகு நகர்ந்தன. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். காலடிச் சத்தம் எதுவும் இல்லை. மணிக்கட்டில் பிடி இறுகியது. கண்கள் அகலமாகிக்கொண்டே, தூரத்திலிருந்து பக்கத்துக்கு, பக்கத்திலிருந்து இன்னும் பக்கத்துக்கு வந்து, அவள் காதோரத்தில், தோளுக்குச் சரியாகப் பின்னால் நின்றன. அங்கிருந்து அவை நகரவே இல்லை.