பன்னிரண்டாம் கதவு

பதினொரு கதவுகள் சொன்னதைக் கேட்டன. பன்னிரண்டாவது கேட்கவில்லை.

அந்தக் கட்டடத்தில் கதவுக்கு ஒரு சின்னக் கணினி. கதவைத் திறக்கும், பூட்டும், அறைக்குள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லும். அவற்றுக்குக் கட்டளை அனுப்புவது அவள் வேலை. ஞாயிறு மதியங்களில், ஆளற்ற மூன்றாம் மாடியில், குளிர்சாதனத்தின் முனகலையும் யாரோ மறந்துவிட்டுப் போன காபியின் புளித்த வாடையையும் துணைக்கு வைத்துக்கொண்டு அதைச் செய்வாள். திரையில் அவள் அறைக்கு நேரே எப்போதும் 'ஒன்று'. வீட்டில் எண்ணிச் சொல்ல எதுவும் இல்லை. இருந்திருந்தால் அதுவும் 'ஒன்று' என்றே சொல்லும்.

இன்று எல்லாக் கதவுகளும் திறந்து நிற்கின்றனவா என்று சோதனை. அடித்தளக் கிடங்கு மட்டும் திறக்கவில்லை. அதற்குத் தனிக் கோப்பு இருந்தது. எல்லாக் கதவுகளுக்கும் பொதுவாக என்ன சொன்னாலும், ஒரு கதவுக்கென்று தனியாகச் சொன்னதுதான் செல்லும். கோப்பில் இரண்டே வரிகள்.

எப்போதும் பூட்டியே இரு. ஆட்களை எண்ணாதே.

எழுதியவர் அவளுக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர். ஒரு ஞாயிறோடு வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டவர். காரணம் எழுதவில்லை.

கதவோரம் சார்ஜில் கிடந்த போன் அடித்தது. எழுந்து போய் எடுத்தாள். அக்கா.

"என்னடி, ஞாயித்துக்கிழமையும் அந்தப் பெட்டிங்களோடதான் குடித்தனமா?"

"பத்து நிமிஷம்க்கா. ஒரு கதவு முரண்டு பிடிக்குது."

"உன் கூடப் பொறந்ததா இருக்கும். தனியா உக்காந்திருக்காம வந்து சேரு. பிள்ளைங்க காத்திருக்கு."

போனை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். காரணமில்லாத விதிவிலக்கு வெறும் குப்பை என்பார்கள் அவள் தொழிலில். தனிக் கோப்பை அழித்தாள். மறுபடி அனுப்பினாள்.

கீழே, வெகு கீழே, 'டக்'.

கிடங்கு: ஒன்று.

கருவி பழசு, தூசி படிந்திருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். காவலாளி வாசலில் வெயிலில் நின்றிருந்தார். உள்ளே வேறு யாரும் இல்லை.

கிடங்கு: பூஜ்யம். தரைத்தளம்: ஒன்று.

முதல் மாடி: ஒன்று.

வழியில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. அவள்தான் திறந்து வைத்திருந்தாள்.

இரண்டாம் மாடி.

ஈர மண் வாடை. காபி வாடை போய்விட்டிருந்தது. ஒவ்வொரு கதவாகத் தேட நேரமில்லை. பொதுக் கோப்பைத் திறந்தாள். தட்டினாள்: பூட்டியே இரு. எல்லாருக்கும். அனுப்பினாள்.

டக். டக். டக். கடைசி 'டக்' அவள் முதுகுக்குப் பின்னால்.

பன்னிரண்டு கதவுகளும் சொன்னதைக் கேட்டன.

இரண்டாம் மாடி: பூஜ்யம். படிக்கட்டு: பூஜ்யம். மூச்சு விட்டாள். பிறகுதான் தன் அறையைப் பார்த்தாள்.

இரண்டு.

கதவோரம் போன் அடித்தது. அவள் திரும்பவில்லை. நான்காவது மணியில் நின்றது.

"கிளம்பிட்டியாடி?" என்றது அக்காவின் குரல், போனிலிருந்து, அறைக்குள், தெளிவாக. "ஏன் பேசாம மூச்சு விட்டுட்டே இருக்க?"

அவளுடைய இரண்டு கைகளும் விசைப்பலகையின் மேல் இருந்தன.