ஞானசிகாமணியின் பாதி ஈரல்

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குவிமாடத்தில் வாரம் ஒருமுறை தசைக்காவலர் என்னும் இயந்திரம் வீடு வீடாக வரும். மாற்று உறுப்பு வாங்கியவர்களை நிறுத்திவைத்து, உடம்பில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று ஒளிக்கற்றையால் அளக்கும். அறுவை முடிந்த தொண்ணூறாம் நாளில் தசை தேறாவிட்டால் உறுப்பைக் கழற்றி, வரிசையில் அடுத்து இருப்பவருக்குக் கொடுத்துவிடும். அங்கே யாரும் இதை அநியாயம் என்று சொல்வதில்லை.

ஞானசிகாமணிக்கு அன்று தொண்ணூறாம் நாள். அவருக்குள் இருந்தது மனைவி பவளக்கொடியின் பாதி ஈரல். அவரைக் கவனித்துக்கொள்ள என்று வந்து இறங்கிய அக்கா வேதநாயகி, மூன்று மாதமாக நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை.

"தம்பி கன்னத்தைப் பாரு, எப்படி இருக்கான். இதுக்கு மேல என்னத்த அளக்கறது?" என்றாள்.

"கொழுப்பு ஒன்பது கிலோ கூடியிருக்கிறது. தசை நான்கு கிலோ குறைந்திருக்கிறது," என்றது காவலர். "தினமும் முட்டையும் பயறும் அனுப்பினோமே?"

"முட்டை சூடு. தையல் போட்ட உடம்பு, சீழ் வச்சிடாதா? நெய் ஊத்தி ரசஞ்சோறுதான் குடுக்கச் சொன்னேன். பாக்க வந்தவங்க அல்வா குடுத்தாங்க. முட்டையை வீணாக்கக் கூடாதுன்னு இவ தின்னுட்டா."

"அவருக்கு முட்டை குடுக்கணும்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். யாரு கேட்டா?" என்றாள் பவளக்கொடி.

"நடந்தாரா?"

"ஆபரேஷன் ஆன மனுஷன் எப்படி நடப்பான்? டம்ளரைக்கூட அவதான் தூக்கிக் குடுத்தா."

ஈரல் கொடுத்தவளையும் அளப்பது சட்டம். பவளக்கொடியின் ஈரல் முழுதாக வளர்ந்திருந்தது. தசை மூன்று கிலோ கூடியிருந்தது. இருபதாம் நாளிலிருந்து தண்ணீர்க் கேன் சுமந்ததும், கணவரைத் தூக்கிக் குளிக்கவைத்ததும் அவள்தான். உனக்கு வலிக்கிறதா என்று ஒருத்தர் கேட்டிருந்தால் அவளுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

காவலர் சற்று யோசித்தது.

"முப்பது நாள் அவகாசம் தருகிறேன். தினமும் மூன்று முட்டை. இவரே தண்ணீர் சுமக்க வேண்டும், மாவு பிசைய வேண்டும், கூடத்தைப் பெருக்கித் துடைக்க வேண்டும். உயிருக்கு நான் பொறுப்பு. சம்மதமா?"

"எங்க குடும்பத்துல ஆம்பளை துடைப்பத்தைத் தொட்டதா சரித்திரமே கிடையாது," என்றாள் வேதநாயகி.

ஞானசிகாமணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பெருக்கித் துடைச்சுத்தான் உசிரோட இருக்கணும்னா, அந்த ஈரலையே எடுத்துக்கிட்டுப் போ," என்றார், சாய்ந்தபடியே.

மனிதரிடம் சொல்லியிருந்தால் யாராவது சமாதானம் செய்திருப்பார்கள். இயந்திரத்துக்கு வீறாப்பு புரியாது. "விருப்பம் பதிவாகிவிட்டது," என்று அது ஒரு தட்டை நீட்டியது. "கொடுத்தவரும் கைரேகை வைக்க வேண்டும். மறுத்தால் அவகாசம் தொடரும்."

அக்காவும் தம்பியும் பவளக்கொடியைப் பார்த்தார்கள். 'அவர் ஏதோ கோவத்துல சொல்றாரு, விடுங்க' என்று வழக்கம்போலச் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தார்கள்.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பெருவிரலை அழுத்தி வைத்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூடத்தைப் பெருக்கப் போனாள்.