புதன்கிழமைக்கு எந்த விரதம்?

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மாளவிகா முதலில் செருப்பைக் கழற்றுவாள். அடுத்து வாயைத் திறப்பாள். "போதும்டி, மூச்சு விட்டுண்டு பேசு" என்று அம்மா சொல்லும்வரை மூட மாட்டாள்.

அப்பா ஸ்ரீகண்டன் ஆபீசிலிருந்து கரமனைக்குத் திரும்பி வர இரவாகிவிடும். அதனால் சாயங்காலம் முழுக்க அம்மாவும் மகளும்தான். சமையலறையில் இரண்டு தட்டு. அடையோ தோசையோ சூடாக விழும். மலையாள டீச்சர் திட்டியதை மாளவிகா அப்படியே நடித்துக் காட்டுவாள். அம்மா சுப்புலக்ஷ்மி கல்லிடைக்குறிச்சியிலிருந்து கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்தவள். காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் அவளுக்கு மலையாளம் தெரியும். அதனால் மாளவிகாவே தமிழில் அர்த்தமும் சொல்லுவாள். அம்மா வாயில் அடையோடு சிரித்துவிட்டுப் புரையேறித் தவிப்பாள்.

இரண்டு வாரமாக அதெல்லாம் இல்லை. ஒரு தட்டுதான் வந்தது.

"நோக்குத் தட்டு எங்கேம்மா?"

"நேக்கு விரதம். நீ சாப்பிடு."

திங்கட்கிழமை சிவனுக்கு. செவ்வாய் முருகனுக்கு. வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. மத்தியானம் இரண்டு பிடி மோர்சாதம், அவ்வளவுதான். மாளவிகா பேச ஆரம்பித்தால் அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு "ம்" என்பாள். சிரிக்க வேண்டிய இடத்திலும் அதே "ம்"தான்.

அம்மா எதிரிலேயே இருந்தாள். ஆனாலும் மாளவிகாவுக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும்போல ஏக்கமாக இருந்தது. அடை ஆறிப்போனது. சொல்ல நினைத்த கதைகளை அவள் பாதியிலேயே விழுங்கினாள்.

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"விரதம்னா இருந்துட்டுப் போறா. அம்மாவுக்கு பக்தி ஜாஸ்தி" என்று அப்பா செய்தித்தாளைப் புரட்டினார்.

புதன்கிழமையும் ஒரே தட்டு.

"இன்னிக்குப் புதன்கிழமை. எந்த சாமிக்கு?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "எல்லாருக்கும் பொதுவா."

மாளவிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் கொல்லைக்குத் துணி எடுக்கப் போன அம்மா கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

மாளவிகா ஓடிப்போய் உப்புப் போட்டு மோர் கொண்டுவந்தாள். ஓடிவந்த வேகத்தில் பாதி மோர் வழியிலேயே கொட்டியது.

"வேண்டாம்டி. டாக்டர் சொல்லியிருக்கா."

"எந்த டாக்டர்?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. முழங்கால் வலி என்று அம்மா பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் தனியாகப் போயிருந்தாள். டாக்டர் எடை பார்த்தார், உயரம் அளந்தார், மலையாளத்தில் மளமளவென்று பேசினார்.

"பி.எம்.ஐ. முப்பத்தொண்ணுன்னா. பள்ளிக்கூடத்துல நான் அவ்வளவு குறைச்சலா வாங்கினதே இல்லை. டயட் வேணும், கலோரி கூடாது, அடுத்த மாசம் ஃபாஸ்டிங்ல வரணும்னு சொன்னா. ஃபாஸ்டிங்னா பட்டினி, அது தெரியும் நேக்கு. அப்பாகிட்ட சொல்லாதே, வெக்கமா இருக்கு."

மாளவிகாவுக்கும் அந்த வார்த்தைகள் தெரியவில்லை. ஆனால் எந்த டாக்டராவது ஒரு மாதம் பட்டினி கிடக்கச் சொல்வாரா?

"நீ கேட்டியா, ஏன்னு?"

"எப்படிக் கேக்கறது? தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்."

"நான் கேக்கறேன். மோரைக் குடி, ஆட்டோல போலாம். மோர் குடிச்சா விரதம் கெடாதுன்னு நீதானே சொல்லுவே?"

அம்மா குடித்தாள். இன்னொரு டம்ளரும் கேட்டாள்.

டாக்டர் சரோஜம் வெள்ளைக் கோட்டோடு, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாளவிகா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மலையாளத்தில் கேட்டாள்: "டாக்டர், எங்க அம்மா இன்னும் எத்தனை நாள் சாப்பிடாம இருக்கணும்?"

டாக்டரின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு வழுக்கி வந்தது. "சாப்பிடாமலா? யார் சொன்னது?"

"நீங்கதான். ஃபாஸ்டிங்னு."

"அய்யோ மோளே!" டாக்டர் எழுந்தே வந்துவிட்டார். முதலில் அம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகுதான் பேசினார், இந்தத் தடவை மெதுவாக. மாளவிகா ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னாள்.

"ஃபாஸ்டிங்னா டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கறதுக்கு முந்தின ராத்திரி மட்டும்தானாம்மா. ராத்திரி சாப்பிட்டப்புறம் வெறும் தண்ணி. காலைல ரத்தம் குடுத்த உடனே இட்லி சாப்பிடலாமாம்."

"அப்போ டயட்?" அம்மா முணுமுணுத்தாள்.

"டயட்னா நாம தினமும் சாப்பிடறது என்னவோ அதுதானாம். உனக்கு காய் கூட, சோறும் எண்ணெயும் கொஞ்சம் குறைச்சல். டாக்டர் மத்தியானம் மீன்கறி சாப்பிட்டாளாம், அது டாக்டரோட டயட்."

அம்மா முகத்தைச் சுளித்தாள். டாக்டர் சிரித்தார்.

"பி.எம்.ஐ. மார்க் இல்லையாம்மா. உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்கற கணக்கு. அதுல யாரும் ஃபெயில் ஆக மாட்டாளாம்."

"கலோரி?"

"சாப்பாட்டுல எவ்வளவு சக்தி இருக்குன்னு அளக்கறது. துணியை மீட்டர்ல அளக்கற மாதிரி. தேவைக்கு மேல போனாத்தான் உடம்புல சேருமாம்."

டாக்டர் மலையாளத்தில் இன்னும் ஏதோ சொன்னார். மாளவிகா மொழிபெயர்க்கவில்லை.

"என்னடி சொல்றா?"

"கலோரியே இல்லைன்னா இந்தப் பொண்ணால இவ்வளவு பேச முடியுமான்னு கேக்கறா."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு. மாளவிகா சட்டென்று முகத்தைத் திருப்பிச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பழவங்காடியில் ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தார்கள். அம்மா இரண்டு இட்லியை சாம்பாரில் நனைத்து நனைத்து நிதானமாகச் சாப்பிட்டாள். பேச எவ்வளவோ சேர்ந்து கிடந்தது. ஆனால் மாளவிகா பேசவே இல்லை. அம்மா சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "என்கிட்ட ஏன் சொல்லலே?" என்று கேட்ட அப்பா, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "நானும் கேக்கலே" என்றார்.

அடுத்த மாதம் ரத்தம் கொடுக்க மூன்று பேரும் போனார்கள். எடை கொஞ்சம்தான் குறைந்திருந்தது. அது போதும் என்றார் டாக்டர். முழங்கால் வலியும் சற்றுத் தேவலை.

"தினமும் நடந்தால் மெட்டபாலிசம்..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

மாளவிகா வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா வகுப்பில் உயர்த்துவதுபோலக் கையை உயர்த்தினாள்.

"டாக்டர், ஒரு நிமிஷம். மெட்டபாலிசம்னா எந்தா?" என்று தனக்குத் தெரிந்த காய்கறி மலையாளத்தில் கேட்டாள்.

டாக்டர் நாற்காலியை அம்மாவின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். மாளவிகா சத்தம் போடாமல் தானும் நகர்ந்து உட்கார்ந்தாள். அது என்னவென்று அவளுக்கும் தெரியாது.