ஜானின் முறை

வடக்கனந்தலில் எங்கள் கம்பெனி அலுவலகத்துக்காக வாடகைக்கு எடுத்திருந்த பழைய வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக் காடு. அதற்கு அப்பால் கல்வராயன் மலை இருக்க வேண்டும். அன்று மேகம் மட்டுமே தெரிந்தது. ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடை வாசல் வரை வந்திருந்தது.

சென்னையில் சில வருடங்கள் மென்பொருள் எழுதியவள் நான். இங்கே டீம் லீடாக அனுப்பியிருந்தார்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. டீமில் மூன்றே பேர் என்றதால் ஒப்புக்கொண்டேன்.

ராதிகா, தமிழழகன், சுபாஷ் மூவரும் கூடத்தில் வட்டமாக நின்றிருந்தார்கள். மென்பொருள் அலுவலகங்களில் தினமும் நடக்கிற காலைக் கூட்டம்தான். நின்றபடியே ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், வேலைக்கு ஏதாவது தடை இருக்கிறதா.

மூவரும் சொன்னார்கள். மூவருமே "தடை எதுவும் இல்ல" என்று முடித்தார்கள். நான் உட்காரப் போனேன்.

"மேடம், உக்காராதீங்க," என்றாள் ராதிகா.

வட்டத்தில், ஜன்னலோரம், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். மூவரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாரோ சிரமப்பட்டு மூச்சை இழுப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

மழையாக இருக்கும் என்று நினைத்தேன். மூவரும் கலைந்து போய் உட்கார்ந்தார்கள்.

"யாருக்காக நின்னீங்க?"

"ஜான் அண்ணன் முறைங்க அது," என்றான் தமிழழகன். "அவரு செத்துப்போயி ஒரு வருசம் ஆவுது. நிக்காத வுட்டா ஒரு வேலையும் ஓடாது."

"இவன் பேச்ச நம்பாதீங்க மேடம்," என்று சிரித்தான் சுபாஷ். "போண்டா வாங்கப் போனாக்கூட பூனை குறுக்க போவுதான்னு பாக்கற ஆளு."

டீ குடிக்கும்போது ராதிகா விவரம் சொன்னாள். முன்பிருந்த மேனேஜர் ஒரு விதி வைத்திருந்தாராம். வட்டத்தில் எல்லோரும் 'தடை இல்லை' என்று சொல்லும்வரை ஒருவரும் உட்காரக் கூடாது. டீமை உற்சாகப்படுத்தும் வழி அது என்பாராம்.

"ஜான் அண்ணன் நெஞ்சு வலிக்குதுன்னாரு. அது தடையா, சாக்கான்னு கேட்டாரு மேனேஜர். நாங்களும் கால் கடுக்க நின்னுக்கினு இருந்தோம். எங்களுக்கோசரம்தான் அண்ணன் தடை இல்லன்னு சொல்லிட்டாரு. அந்த ஜன்னலோர சேர்ல போயி உக்காந்தாரு. அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல."

மறுநாள் முதல் உட்கார்ந்தே பேசலாம் என்றேன். உடம்பு முடியாதவர்கள் வீட்டுக்குப் போகலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.

"மேடம், உங்களுக்கு ஒரு செலை வெச்சிடறோம்," என்றான் சுபாஷ்.

அடுத்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது.

சிவந்த கண்களோடு கூடத்தில் நின்றான். சென்னையிலிருந்து என் மேலதிகாரி தனசேகரன் சார் அப்போதுதான் போன் செய்திருந்தார். சுபாஷிடம் இருக்கிற வேலை அன்றைக்கே முடிய வேண்டும், இல்லாவிட்டால் இந்த அலுவலகத்தையே மூடிவிடுவார்கள் என்றார்.

நான் சுபாஷின் முகத்தைப் பார்த்தேன்.

"நீ வீட்டுக்குக் கிளம்பு. நான் பேசிக்கிறேன்."

"தாங்க்ஸ் மேடம். ஒடம்பெல்லாம் நோவுது," என்று பையை எடுத்தான்.

மழைச் சத்தம் சட்டென்று நின்றது. வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

சுபாஷ் பையைக் கீழே வைத்தான்.

"தடை எதுவும் இல்லீங்க," என்றான்.

அது சுபாஷின் குரல் இல்லை. வயதில் மூத்த, மூச்சு வாங்குகிற குரல்.

"ஜான் அண்ணன்," என்று முனகினாள் ராதிகா.

சுபாஷ் தன் இடத்துக்குப் போகவில்லை. ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தான். கீபோர்டில் விரல்கள் ஓட, வேலை செய்ய ஆரம்பித்தான். கண்கள் திரையைப் பார்க்கவே இல்லை.

தோளைத் தொட்டேன். அனலாகக் கொதித்தது. ஆனால் அவன் வாயிலிருந்து வந்த மூச்சு சில்லென்று இருந்தது.

"சுபாஷ், எழுந்திரு. வேலை வேண்டாம்."

மூவரும் சேர்ந்து இழுத்தோம். அவன் அசையவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து கீபோர்டில் சொட்டியது. அவன் துடைக்கவில்லை.

போன் அடித்தது.

"சூப்பர் ஷீபா!" என்றார் தனசேகரன் சார். "இவ்ளோ வேகமா அவன் வேலை செஞ்சதே கெடையாது. எப்படிம்மா மோட்டிவேட் பண்ணே?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். திரை இருண்டது.

விரல்கள் நிற்கவில்லை.

தமிழழகன் தெருவிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு வந்தான். சுபாஷை நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. அவன் நெஞ்சு ஏறி இறங்குவது குறைந்துகொண்டே வந்தது.

"மருந்துக்குக் கேக்க மாட்டேங்குது," என்றார் நர்ஸ் மார்கரெட். "கை வேற ஆடிக்கினே இருக்கு. பிட்ஸ் மாதிரியும் தெரியல."

அது வலிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். போர்வைக்குள் கையை விட்டு, அவன் விரல்களுக்கு அடியில் என் உள்ளங்கையை வைத்தேன். எந்த விரல் எந்த எழுத்துக்குப் போகும் என்பது என் கைகளுக்குப் பழக்கம். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன்.

முடிக்கணும்.

முடிக்கணும்.

முடிக்கணும்.

"இவனையும் கூட்டிக்கினு போயிடுவாரா மேடம்?" என்றாள் ராதிகா.

எங்கள் தொழிலில் சில வேலைகளை ரத்து செய்ய முடியாது. அந்த மாதிரி நேரத்தில் ஒருவரை விடுவிக்க ஒரே வழிதான் உண்டு. வேலையை இன்னொருவர் பெயருக்கு மாற்ற வேண்டும்.

சுபாஷின் காதருகே குனிந்தேன்.

"ஜான் அண்ணா, இவனை விட்டுடுங்க. அந்த வேலையை என் பேருக்கு மாத்திக்கிறேன்."

விரல்கள் நின்றன.

கொஞ்ச நேரத்தில் சுபாஷுக்கு வேர்த்தது. கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான்.

"நான் எப்ப மேடம் இங்க வந்தேன்?"

"லீவு வேணும்னா கேட்டு வாங்குடா எருமை," என்றாள் ராதிகா. சிரிக்க முயன்று அழுதுவிட்டாள்.

சாயங்காலம் நான் தங்கியிருந்த அறைக்குப் போக, நைனார்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மழை விட்டிருந்தது. கரும்புக் காடுகளின் மேல் வெயில் அடித்தது. என்னமோ இலேசாக இருந்தது.

டிக்கெட் போட வந்த கண்டக்டர் என் மடியைப் பார்த்தார்.

"இன்னாம்மா, கை இப்டி நடுங்குது? குளுருதா?"

குனிந்து பார்த்தேன்.

பத்து விரல்களும் கைப்பையின் மேல் வேகமாக, ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தன.

நிறுத்தப் பார்த்தேன். அவை நிற்கவில்லை.