மூன்றாவது கிளாஸ்

பாறைச் சரிவில் உருண்ட ஒட்டகம் அங்கேயே செத்துப்போனது. அதன் மேலிருந்த உக்சமின் வலது கால், முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அவன் தங்கையின் கணவன் பிஸ்கா அவனைத் தூக்கி வந்து குகைக்குள் கிடத்தியபோது உச்சி வெயில்.

தரையில் மூன்று கற்கள், நடுவே முழங்கை ஆழத்துக்குச் சாம்பல். இந்த மணலில் புல் முளைத்து மாடு மேய்ந்த காலத்து அடுப்பு. சுவரில் செம்மண்ணால் தீட்டிய மாடுகள். அவற்றின் கீழே வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள்.

"ஆறு பேரு மாப்ள," என்றான் உக்சம், வலியில் பல்லைக் கடித்தபடி. "ஓரத்துல இடமும் விட்டு வச்சிருக்காங்க. என் தங்கச்சிய விட மரியாதை தெரிஞ்சவங்க."

அந்த அடுப்பிலேயே தீ மூட்டி, படுத்தபடியே டீ போட்டான். முதல் கிளாஸ் கசந்தது. இரண்டாவதில் சர்க்கரை ஏறியிருந்தது. மூன்றாவதைக் குடிக்காமல் எழுந்து போகிறவனை அவர்கள் கூட்டத்தில் யாரும் மனுஷனாக மதிப்பதில்லை.

பிஸ்கா தண்ணீர்ப் பையைத் தூக்கிப் பார்த்தான். கிணறு இரண்டு நாள் நடை. தண்ணீர் ஒருவனுக்குத்தான் வரும்.

"மேல பாறைக்குழியில தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வரேன் மச்சான்."

"பை எதுக்கு?"

"ரொப்பிக்கிட்டு வரத்தான்."

பிஸ்கா மணலுக்காகக் கட்டியிருந்த முகத்திரைக்கு மேலே தெரிந்த கண்களை உக்சம் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி. கெட்டில்ல கடைசித் தண்ணி இருக்கு. மூணாவது கிளாஸ் உன்னோடது. நான் தொட மாட்டேன்."

பிஸ்கா வெளியே வந்து கிணற்றுத் திசையில் நடந்தான். பின்னால் அவன் பெயர் கேட்டது. மறுபடி கேட்டது. நடையை எட்டிப் போட்டான்.

பத்தாம் நாள் அவன் மனைவி ரைஷா கேட்டாள். "எங்கண்ணன் விழுந்ததுமே செத்துட்டான்னு சொன்னியே. புதைச்சியா?"

அவன் குனிந்து செருப்பு வாரை இறுக்கினான்.

"போய் மண்ணு தள்ளிட்டு வா. அதுவரைக்கும் என் கூடாரத்துல உனக்குப் படுக்கை கிடையாது."

இரண்டு பை நிறையத் தண்ணீரோடு தனியாகப் போனான்.

குகை வாசலிலேயே வாடை அடித்தது. பிண வாடை இல்லை. மழையில் நனைந்த மாட்டின் வாடை.

அங்கே மழை பெய்து ஏழு வருஷமாகியிருந்தது.

உக்சம் இல்லை. ஓர் எலும்புகூட இல்லை. சாம்பலில் ஒற்றைக் காலை இழுத்த தடம் சுவர் வரைக்கும் போய் நின்றது.

சுவரில் ஏழு பேர்.

ஏழாமவனின் வலது கால் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. அவனுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் இடம்.

அடுப்புக் கல்லின் மேல் கிளாஸ் நிறைய டீ. நுரை இன்னும் அடங்கவில்லை.

"ஆறிடப் போகுது மாப்ள."

பிஸ்கா ஓடத்தான் நினைத்தான். முழங்கால்கள் தாமாக மடங்கின. கை தாமாக முகத்திரையை விலக்கியது. டீ தேனாக இனித்தது. குடிக்கக் குடிக்க நாக்கு காய்ந்தது. ஒரு பையை அவிழ்த்து வாயில் கவிழ்த்தான். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.

சுவர்ப் பக்கம் பலர் மெல்லச் சிரித்தார்கள்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு ரைஷா தேடி வந்தாள். இன்னொரு பை கட்டு அவிழாமல் நிறைந்து கிடந்தது. பக்கத்தில் அவன் முகத்திரை. சுவரில் எட்டுப் பேர். எட்டாமவன் வாயைப் பிளந்திருந்தான். அவனை அடுத்து, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம்.

"அண்ணே?" என்றாள் மெதுவாக.

கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் கிளாஸ் ஊற்றி வைத்திருந்தது.